காரணம் எழுதாதே

ஜனவரி 9

என் அணிலுக்கு,

அப்பா எழுதுகிறேன். மூக்கு ஒழுகுவதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? தம்பி ஒழுங்காகச் சாப்பிடுகிறானா, இல்லை இன்னமும் வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறானா?

அப்பா புத்தகம் எழுதுகிறவர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்ல நீ நெளிவாய். பேயும் புதையலும் எழுதினால் நெளியாமல் என்ன செய்வாய்! இனி நீ தலை நிமிர்ந்து சொல்லலாம். உன் வயசுப் பிள்ளைகளுக்காக ஓர் ஒற்றர் நாவல் தொடங்கிவிட்டேன். நாயகிக்குப் பதின்மூன்று வயது. இரட்டைப் பின்னல், இடது முட்டியில் தழும்பு, வாய் மட்டும் ஏழு ஊருக்குக் கேட்கும். ரகசியப் பெயர் அணில். யாரென்று தெரிகிறதா? 'வெள்ளைக் கையுறை' என்ற பொல்லாதவள் அணிலையும் அவள் தம்பி சிட்டுவையும் ஒரு கோபுரத்தில் அடைத்து வைத்திருக்கிறாள். அணில் அங்கிருந்தே தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்புகிறாள். முதல் அத்தியாயம் இதோடு இருக்கிறது, படித்துப் பார்.

இப்போது எனக்கு உன் உதவி வேண்டும். நிஜமான அறிக்கை எப்படி இருக்கும் என்று தெரியாமல் பேனா நகர மறுக்கிறது. உங்கள் வீட்டையே கோபுரம் என்று வைத்துக்கொண்டு, ஒரு சாதாரண நாளில் என்ன நடக்கிறது என்று எழுதி அனுப்பு. அம்மாவிடம் மூச்சு விடாதே. தெரிந்துவிட்டால் அப்புறம் அது என்ன ஒற்று வேலை?

கடைசி அத்தியாயத்தை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு மேஜை, நாலு நாற்காலி, நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். போன வருஷம் நான் பெட்டியோடு படியிறங்கியபோது "எப்பப்பா வருவீங்க?" என்று கேட்டாயே, அதற்கு இதுதான் பதில்.

தலைமையகத்தின் முத்தங்களோடு,
அப்பா

ஜனவரி 17

அன்புள்ள அப்பாவுக்கு,

அணில் எழுதுவது. நாங்கள் மூவரும் சௌக்கியம். உங்கள் மூக்குக்கு ஆவி பிடியுங்கள் என்று அம்மா சொல்லச் சொன்னாள். தம்பிக்கு இப்போது நாலு வயது முடிந்துவிட்டது, நீங்கள் மறந்திருப்பீர்கள். சாப்பாட்டை இன்னமும் வாய்க்குள் அடக்கித்தான் வைத்திருக்கிறான்.

அத்தியாயத்தை மூன்று தடவை படித்தேன். அணில் கூரை ஓட்டைப் பிரித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் இடத்தை மட்டும் நாலாவது தடவையும் படித்தேன். என் அறிக்கை கீழே.

அம்மா இப்போது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். நீங்கள் இருந்தபோது தையல் கடையில் இருந்தாள், அதை மூடிவிட்டார்கள். படுக்கை விரிப்பும் தலையணை உறையும் மலை மலையாக வருமாம். அவளுக்குச் சாயங்கால ஷிப்டு. பகல் ஷிப்டு கேட்டு மேற்பார்வையாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள், அவர் "பாக்கலாம் பாக்கலாம்" என்கிறார். ஆறு மணிக்குக் கிளம்பும்போது சாவி ஒன்றைக் கீழ்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவாள். அக்கா அடிக்கடி மேலே வந்து எங்களை எட்டிப் பார்ப்பாள். எங்கள் சூப்பையும் ருசி பார்ப்பாள், அது வேறு கதை.

அம்மா கிளம்பும்போது தம்பி ஊரைக் கூட்டுவான். அம்மா திரும்பியே பார்க்க மாட்டாள். பார்த்தால் அவன் இன்னும் கத்துவான், அதனால்தான். ஆனால் அவள் உடனே போவதில்லை. கதவைச் சாத்திவிட்டு வெளியிலேயே நிற்பாள். கதவுக்கு அடியில் அவள் செருப்பின் நிழல் தெரியும். அவன் அழுகை அடங்கிய பிறகுதான் நிழல் நகரும். இதைத் தம்பியிடம் நான் சொன்னதில்லை.

ஒரு வேடிக்கை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவது அம்மாதான். "அப்பாவுக்கா? குடு, போற வழியில போட்டுடறேன்" என்றாள். பிரிச்சுப் பாப்பியா என்று கேட்டேன். "அப்பனுக்கும் மகளுக்கும் நடுவுல எனக்கென்ன வேலை?" என்றாள். எதிரியே நம் கடிதத்தைச் சுமந்துகொண்டு போகிறாள் அப்பா!

உங்கள் கட்டளைக்குக் காத்திருக்கும்,
அணில்

ஜனவரி 28

என் அருமை அணிலுக்கு,

ஆவி பிடித்தேன், மூக்கு அடங்கிவிட்டது. நீங்கள் எல்லோரும் நலம் என்று படித்து மனசு குளிர்ந்தது.

உன் அறிக்கை தேன் மாதிரி இருக்கிறது, அதுதான் அதன் கோளாறு. அத்தை வீட்டுக்கு எழுதுகிற கடிதமாக இருக்கிறதே தவிர அறிக்கையாக இல்லை. சிவப்பு மையால் வெட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன், பார்த்து அழாதே. என் புத்தகங்களையும் பதிப்பகத்தில் இப்படித்தான் கொத்துக்கறி போடுவார்கள்.

ஒற்றருக்கு ஒரே ஒரு விதிதான். பார்த்ததை மட்டும் எழுது. காரணம் எழுதாதே. காரணம் தேடுவது தலைமையகத்தின் வேலை. 'அவன் கத்துவான், அதனால்தான்' என்று நீ எழுதியது அம்மாவின் மனசுக்குள் புகுந்து பார்த்ததா? இல்லையே. வெட்டு. செருப்பு நிழல் அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தாய். அந்தப் பக்கம் யார் நின்றார், எதற்கு நின்றார் என்பதெல்லாம் ஊகம். வெட்டு.

கீழ்வீட்டு அக்காவையும் தூக்கிவிடு. கதையில் இரண்டு குழந்தைகளும் தனியாக இருந்தால்தான் படிக்கிறவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். சூப் குடிக்க ஒருத்தி வந்து போனால் அது கோபுரமா, சத்திரமா?

இரண்டாம், மூன்றாம் அத்தியாயங்கள் உள்ளே. மூன்றாவதில் அணில் ஓடுகிற ரயிலிலிருந்து குதிக்கிறாள். அம்மா இல்லாத நேரத்து அறிக்கையாக எழுது. அதில்தான் சாரம் இருக்கிறது.

உன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது என்ற பெருமையோடு,
அப்பா

பிப்ரவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இந்த வாரம் அப்படி இல்லை. முதலில் அறிக்கை, விதிப்படி.

சாயங்காலம் ஆறு மணி. அம்மா வெளியே போனாள். தம்பி அழுதான். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நான் கதவைப் பூட்டினேன். பால் காய்ச்சினேன். தம்பி பாத்திரத்தை இழுத்தான். கொதிக்கிற பால் அவன் கையில் கொட்டியது. அம்மா வீட்டில் இல்லை. கீழே இருந்து ஒருவர் வந்தார். தம்பி கையைக் குழாயடியில் பிடித்தார். அம்மா வந்தாள். தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

சரியாக இருக்கிறதா? இனிமேல் இருப்பது அறிக்கை இல்லை, உங்களுக்கு மட்டும்.

அப்பா, நான் மூன்றாவது அத்தியாயம் படித்துக்கொண்டிருந்தேன். அணில் ரயில் படியில் நிற்கிறாள், பாலம் வருகிறது, கீழே ஆறு. பால் பொங்குவது காதில் விழுந்தது, ஒரு பக்கம்தானே என்று நினைத்தேன். அதற்குள் அவன் எட்டிவிட்டான். அவன் கத்தின கத்தலில் அக்கா மேலே ஓடிவந்தாள். அவள்தான் சலவைக்கூடத்துக்கு ஆளனுப்பினாள். அம்மா மஞ்சள் ரப்பர் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்திருக்கிறாள், தெருவெல்லாம் சோப்புத் தண்ணீர். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீயும் குழந்தைதானடி" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

கையுறை என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் பொல்லாதவளுக்கு ஏன் கையுறை வைத்தீர்கள்? அம்மாவும் போடுகிறாள் என்று நான் சொல்வதற்கு முன்பே வைத்துவிட்டீர்களே.

மனசு சரியில்லாத,
அணில்

பிப்ரவரி 17

என் வீர அணிலுக்கு,

இங்கே எல்லாம் நலம். உன் கடிதம் காலையில் வந்தது, சாயங்காலமே பதில் எழுதுகிறேன். இத்தனை வருஷத்தில் நான் யாருக்கும் இவ்வளவு சீக்கிரம் பதில் போட்டதில்லை, பதிப்பகத்தைக் கேட்டுப் பார்!

அருமை, அருமை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கை வைக்கிறேன். நல்ல அத்தியாயம் உச்சத்தில் முடிய வேண்டும். 'அம்மா வீட்டில் இல்லை' என்பதோடு நிறுத்து. அதற்குப் பிறகு வருவதெல்லாம் வால். ரயில், பாலம், ஆறு இதையெல்லாம் எங்கேயும் எழுதாதே, யாரிடமும் சொல்லவும் சொல்லாதே. அது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும்.

அதைத் தனித்தாளில், மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுது. மேலே தேதி போடு. கீழே அணில் என்று போடாமல் உன் முழுப்பெயரைப் போட்டுக் கையெழுத்து வை. இதுவரை எழுதியதையும், நான் வெட்டியதை விட்டுவிட்டு, அப்படியே புதிதாக எழுதி அனுப்பு. தலைமையகத்தில் அசல் பெயரில்தான் கோப்பு திறப்பார்கள். உன் தோழி வீட்டில் காமிரா இருக்கிறது என்பாயே, தம்பியின் கை ஆறுவதற்குள் ஒரு படம் எடுத்துவிடு. அட்டைப் படத்துக்கு ஓவியர் கேட்கிறார்.

கையுறை தற்செயல். நாவல் எழுதுகிறவனிடம் அதையெல்லாம் கேட்கக் கூடாது.

நாலு நாற்காலியை மறக்காத,
அப்பா

மார்ச் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்: தம்பி கையில் கொப்புளம் அடங்கிவிட்டது, தோல் மட்டும் இளஞ்சிவப்பாக இருக்கிறது. மருந்து போடும்போது ஊதிவிட வேண்டும் என்று கட்டளை போடுகிறான்.

நீங்கள் சொன்னபடி, மற்ற நாட்களின் அறிக்கைகளையும் சேர்த்துப் பத்துப் பக்கம் புதிதாக எழுதி, முழுப்பெயர் போட்டு, படத்தோடு வைத்திருக்கிறேன். கட்டை அவிழ்த்து அவன் கையைப் படம் பிடிக்கும்போது "எதுக்கு?" என்று கேட்டான். நீ புத்தகத்தில் வரப்போகிறாய் என்றேன். அன்று முழுக்க அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே தெருவில் திரிந்தான்.

பத்துப் பக்கத்தையும் சேர்த்துப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. எழுதியது எல்லாம் நடந்ததுதான், ஒரு சொல் பொய் இல்லை. ஆனால் அது எங்கள் வீடு மாதிரி இல்லை. வேறு யாரோ ஒரு அம்மா வருகிறாள், அவளைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. எல்லாக் கதையும் இப்படித்தான் ஆகுமா?

அந்த மேஜையில் என் நாற்காலியை ஜன்னல் ஓரமாகப் போடுங்கள். அம்மா அடுப்புப் பக்கம் உட்காரட்டும். எப்போது வருகிறீர்கள் என்று இந்தக் கடிதத்துக்காவது பதில் போடுங்கள்.

அன்பு மகள்,
அணில்

ஏப்ரல் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரு மாதமாக உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? தபால்காரர் என்னைக் கண்டாலே கையை விரிக்கிறார்.

நேற்று ஒரு ஆள் பழுப்பு உறை ஒன்றைக் கொண்டுவந்து அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அம்மா நின்றுகொண்டே படித்தாள். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே இருந்தது என் கையெழுத்து, அப்பா. நகல் எடுத்திருக்கிறார்கள். தம்பி கையின் படமும் இருந்தது. தம்பியை உங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நீங்கள் நீதிமன்றத்தில் கேட்டிருக்கிறீர்களாம். அம்மா குழந்தையை வளர்க்கத் தகுதியில்லாதவள் என்று போட்டிருக்கிறது.

அம்மா அடிப்பாள் என்று நினைத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அவள் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள். "அக்காவ ஏண்டி எழுதல?" என்று கேட்டாள். "கதவுக்கு வெளிய நான் நிப்பேனே, அது உனக்குத் தெரியாதா?" என்றாள். தெரியும் என்றேன். அவள் எழுந்து தம்பிக்கு முட்டை உரித்தாள்.

இவ்வளவையும் தன் கையாலேயே தபால் பெட்டியில் போட்டிருக்கிறாள். இதை நான் போகிற வழியில் போடுகிறேன், அவளிடம் கொடுக்கவில்லை.

நீங்கள் நாவல்தானே எழுதுகிறீர்கள்? ஆமாம் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

அணில்

ஏப்ரல் 12

கண்ணுக்கு,

நலமே. நாவல் அச்சகத்துக்குப் போகிறது, அந்த ஓட்டத்தில் எழுத முடியவில்லை.

ஆமாம், நாவல்தான். வக்கீல், நீதிமன்றம் எல்லாம் பெரியவர்கள் செய்கிற சில்லறை வேலை, நீ அதில் மண்டையை உடைத்துக்கொள்ளாதே. யோசித்துப் பார். அம்மா ஒண்டியாக முட்டிக்கொண்டு கிடப்பதை யாராவது எடுத்துச் சொன்னால்தானே ஏதாவது மாறும்? நாலு நாற்காலிக்குப் போகிற வழி இதுதான். கொஞ்சம் சுற்றுவழி, அவ்வளவுதான். இதையெல்லாம் அம்மாவிடம் இப்போது சொன்னால் அவள் ரோஷக்காரி, காரியம் கெட்டுவிடும்.

நீதிபதி உன்னைத் தனி அறையில் கூப்பிட்டுப் பேசுவார். நல்ல மனுஷி என்கிறார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல். பார்த்ததைச் சொல், காரணம் சொல்லாதே. அணிலின் கடைசிப் பணி இது. இதை ஒழுங்காக முடித்தால் கோபுரக் கதவு திறந்துவிடும்.

உன் சாமான்களை ஒரு பையில் தயாராக வைத்துக்கொள்ளேன், பயணம் என்றால் உனக்குப் பிடிக்குமே.

அப்பா

மே 23

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் தம்பியும் சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? வழியில் அவன் வாந்தி எடுத்தானா? எடுப்பான். முன் சீட்டில் உட்கார வைத்தால் எடுக்க மாட்டான்.

என் பணியை ஒழுங்காக முடித்தேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீதிபதி எனக்கு பிஸ்கட் கொடுத்தார். "அம்மா சாயங்காலம் உங்கள விட்டுட்டுப் போவாங்களா?" என்றார். போவாங்க என்றேன். "தம்பி அழுதா திரும்பிப் பாப்பாங்களா?" மாட்டாங்க என்றேன். "பால் கொட்டினப்போ அம்மா எங்க இருந்தாங்க?" வேலையில என்றேன். "வேற ஏதாவது சொல்லணுமா கண்ணு?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பு நிழலைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். நாலு நாற்காலியை நினைத்துக்கொண்டேன். இல்லை என்றேன்.

வெளியே கீழ்வீட்டு அக்கா அழுதுகொண்டிருந்தாள். "நான்தான் பாத்துக்கிறேன்னு தலையால அடிச்சிக்கிட்டேன். 'பொண்ணு பத்துப் பக்கம் எழுதியிருக்கு, உங்களப் பத்தி ஒரு வரிகூட இல்லையே'ன்னு அந்த வக்கீல் சிரிக்கிறான்" என்றாள். இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை.

நேற்று நீங்கள் தம்பியைத் தூக்கிக்கொண்டு போனபோது என் பை மாடிப்படிக்குக் கீழே தயாராக இருந்தது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள். "நீ பெரியவ, அம்மாவப் பாத்துக்க" என்று சொல்லித் தலையைத் தடவினீர்கள். வண்டியில் இடம் இருந்தது அப்பா, பின் சீட்டில் உங்கள் கோட்டுதான் கிடந்தது. எல்லோர் முன்னாலும் கேட்கக் கூடாது என்று இருந்துவிட்டேன். நீங்கள் மறுபடி வந்து என்னையும் அம்மாவையும் அழைத்துப் போவீர்கள், அதுதானே சுற்றுவழி?

பையை இன்னும் பிரிக்கவில்லை.

அணில்

(இந்தக் கடிதம் 'பெறுநர் வீடு மாறிவிட்டார்' என்ற முத்திரையோடு திரும்பி வந்தது.)

செப்டம்பர் 14

அப்பாவுக்கு, பதிப்பகம் வழியாக,

உங்கள் புது முகவரி எனக்குத் தெரியாது. அம்மாவின் வக்கீலுக்கும் தெரியவில்லை. மாதம் ஒரு முறை தம்பியைக் காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது, நீங்கள் ஒரு முறைகூடக் காட்டவில்லை. அதனால் புத்தகத்தில் போட்டிருக்கும் முகவரிக்கு எழுதுகிறேன். அவர்கள் உங்களிடம் சேர்ப்பார்கள். நீங்கள் நலமா என்று கேட்க எனக்கு மனசில்லை.

புத்தகம் எங்கள் பள்ளி நூலகத்துக்கு வந்துவிட்டது. ஆளுக்கு ஆள் பிடுங்கிப் படிக்கிறார்கள். நானும் படித்தேன். கடைசி அத்தியாயத்தில் அணில் கோபுரக் கதவை முதுகால் தாங்கிப் பிடித்துக்கொள்கிறாள், சிட்டு தப்பித்து ஓடுகிறான். கதவு மூடிக்கொள்கிறது. 'நல்ல ஒற்றர் பின்தங்குவார்' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் மேஜை வருகிறது. நாற்காலி இரண்டுதான். பின் அட்டையில் 'ஆசிரியர் தம் ஒரே மகனோடு வசிக்கிறார்' என்று போட்டிருக்கிறது. அதில் பொய் இல்லை. உங்களுக்கு ஒரே மகன்தான். பார்த்ததை மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

எனக்கு உங்கள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. உங்களுக்குத் தேவை அவன்தான் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம். என்னை எதற்கு அணில் என்று கூப்பிட்டீர்கள்?

இப்போது நான் விட்ட காரணங்களை எழுதுகிறேன். அம்மா சாயங்காலம் போனது சலவைக்கூடத்தில் அந்த ஷிப்டுதான் கிடைத்தது என்பதால். திரும்பிப் பார்க்காதது அவன் அழுகை நிற்க வேண்டும் என்பதால். அக்கா தினமும் வந்தாள், எங்கள் வீட்டுச் சாவி அவள் இடுப்பிலேயே இருந்தது. பால் கொட்டியது நான் உங்கள் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்ததால். அம்மாவை நான் காட்டிக்கொடுத்தது நீங்கள் வருவீர்கள் என்பதால். இந்தப் பக்கத்தை அந்த நீதிபதியிடம் காட்டுங்கள். இந்தப் பக்கத்தின் ஓரத்திலும் முழுப்பெயர் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

தம்பி போன மறு வாரமே அம்மாவுக்குப் பகல் ஷிப்டு கொடுத்துவிட்டார்கள். மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். அம்மாவும் நன்றி சொல்லிவிட்டு வந்தாளாம்.

தம்பிக்குத் தூக்கம் வராவிட்டால் வலது காதைத் தேய்த்துவிட வேண்டும். இடதைத் தொட்டால் கோபம் வரும். பால் பாத்திரத்தை அவனுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இதையாவது படியுங்கள்.

உங்கள் மகள்

அக்டோபர் 3

அன்பார்ந்த இளம் ஒற்றருக்கு,

வணக்கம். நலமும் உற்சாகமும் உங்களோடு இருக்கட்டும்!

தங்கள் கடிதம் கிடைத்தது. நூல் வெளிவந்ததிலிருந்து 'நான்தான் அணில்' என்று வாசகர்கள் எழுதும் கடிதங்கள் மூட்டை மூட்டையாக எங்கள் அலுவலகத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. சிலர் ஆசிரியரின் மகள் என்றே எழுதுகிறார்கள்! அவற்றுள் தங்கள் கற்பனை எங்களை மிகவும் கவர்ந்தது. குறிப்பாக அந்தச் சலவைக்கூடம் கண் முன்னே நிற்கிறது. தங்கள் கடிதத்தை எங்கள் 'அணிலுக்கு ஓர் அத்தியாயம்' போட்டிக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

நட்போடு ஓர் ஆலோசனை. கதையில் காரணங்கள் சற்றே மிகுதி. அவற்றை நீக்கிச் சுருக்கி எழுதினால் பரிசுக்கு வாய்ப்பு உண்டு. 'காரணம் எழுதாதே' என்ற அணிலின் பொன்விதி அச்சிட்ட உறுப்பினர் அட்டையை இணைத்துள்ளோம். எழுதும்போது எதிரே வைத்துக்கொள்ளலாம்.

ஆசிரியர் அடுத்த நூலான சிட்டுவின் சாகசத்தில் முனைந்திருப்பதால் தனிப்பட்ட பதில் எழுத இயலாமைக்கு வருந்துகிறார். அனைவர்க்கும் தம் அன்பைத் தெரிவிக்கச் சொன்னார்.

தங்கள்,
வாசகர் பிரிவு

அக்டோபர் 10

வாசகர் பிரிவில் இருப்பவருக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருப்பீர்கள். அட்டை கிடைத்தது. நீங்கள் சொன்னபடி காரணங்களை நீக்கிச் சுருக்கி அனுப்புகிறேன்.

அறிக்கை.

சாயங்காலம் ஆறு மணி. அம்மாவுக்கு இந்த நேரத்தில் வேலை இல்லை. அம்மா செருப்பு மாட்டினாள். திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள். கதவைச் சாத்தினாள். கதவுக்கு அடியில் நிழல் தெரிந்தது. நிழல் ரொம்ப நேரம் நகரவில்லை. உள்ளே யாரும் அழவில்லை.